எஞ்சினின் மூச்சும் நோயும்

மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடுகின்றது என்பது பல தலைமுறையாக வழங்கிவரும் செய்தி. அதன் உண்மையை ஆராயப் புகுந்தவருள் ஒருவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். அவர் அந்நாளில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக விளங்கியவர். 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், நிலவு எழுந்த ஓர் இரவு வேளை, மீனவருடன் தோணியேறிக் கோட்டை வாயிலை அடுத்த துறையிலிருந்து சிறிது தூரம் சென்றார். காற்று முற்றும் அடங்கியிருந்தது. நீரின் அடியிலிருந்து மெல்லிய ஒலிகள் எழுந்து வந்தன. அவர் தோணியின் மரத்திலே காதை வைத்தார். ஒலி முன்னையினும் பெருகிக் கேட்டது. தோணி இடம் பெயர்ந்தபோது ஒலி வேறுபட்டது; சில இடங்களில் அறவே நின்றது. புறப்பட்ட இடத்துக்கு மீண்டதும் ஒலியும் மீண்டது. ஆகவே, அவ்வொலியைத் தரும் உயிர்கள் குறிப்பிட்ட சில இடங்களிலேயே மிகுதியாக வாழ்கின்றன என அவர் கருதினார். 1859இல் வெளிவந்த அவரது இலங்கை பற்றிய நூலில் இவ்வரலாறு இடம்பெற்றுள்ளது.

பாடுவது மீனா, சிப்பியா என்னும் வினா ஒருபுறம் நிற்க, அன்றிரவு கையாளப்பட்ட முறை கருதத்தக்கது. முதலிற் செவிசாய்த்தல், அடுத்து, திண்பொருள் ஒன்றின் வழியாக ஒலியை நெருங்கிக் கேட்டல், பின்னர் இடம் மாற்றி ஒப்புநோக்கல், இறுதியில் தொடங்கிய இடத்துக்கு மீண்டு, கண்ட முடிபைச் சரிபார்த்தல். நூறாண்டுக்குப் பின் அதே வாவிக்கரையில் மோட்டார் எஞ்சின்களின் பழுதை ஆராய்ந்த தொழிலாளரின் முறையும் இதுவே. அவர்கள் நீண்ட திருப்புளி ஒன்றின் நுனியை எஞ்சினின் உடலிலே வைத்து, கைப்பிடியைக் காதோடு பொருத்திக் கேட்டனர். தோணி மரம் வாவியின் ஒலியைத் தந்ததுபோல், இரும்புக் கோல் எஞ்சினின் உள்ளொலியைச் செவிக்குக் கொணர்ந்தது.

எஞ்சின் இப்பகுதிக்கு வந்த வரலாறு நெடியதன்று. வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடந்து, நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கின்றது. தோணியும் மாட்டுவண்டியுமே நெடுங்காலம் இவ்விரு கரைகளையும் இணைத்தன. 1924இல் கல்லடியில் இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. அது அக்காலத் தேசாதிபதியாயிருந்த மானிங் என்பாரின் மனைவியார் பெயரைத் தாங்கியது. 1928இல் புகையிரதப் பாதை மட்டக்களப்பை எட்டியது. பாலமும் பாதையும் வந்தபின் பஸ்களும் லொறிகளும் படிப்படியாகப் பெருகின.

பட்டிப்பளை ஆற்றை மறித்துப் பெருங்குளம் அமைக்கும் கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. அம்பாறை 1961இலேயே தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் அந்நிலம் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இங்கினியாகலையில் அணை கட்டும் பொறுப்பை அமெரிக்காவின் மொரிசன் நட்சன் நிறுவனம் ஏற்றது. மண்ணை வாரவும் தள்ளவும் சுமக்கவும் வல்ல பெரிய டீசல் இயந்திரங்கள் இப்பகுதியின் காட்டுக்குள் நுழைந்தன. தொடர்ந்து வயல்களில் உழவு இயந்திரங்கள் இறங்கின. 1950களின் பிற்பகுதியில், டீசல் எஞ்சின் பொருத்திய மூன்றரைத் தொன் மீன்பிடி வள்ளங்களை அரசு இலங்கைக் கடற்றொழிலாளரிடையே பரப்பத் தொடங்கியது. இவ்வாறு, எருதையும் காற்றையும் துடுப்பையும் நம்பியிருந்த மக்கள் ஒரு தலைமுறைக்குள் எஞ்சினை நம்பும் நிலைக்கு வந்தனர்.

நம்பிக்கை மாறியபோது இடரின் தன்மையும் மாறியது. பாய் கிழிந்தால் அதனைத் தைக்கத் தெரிந்தவன் மீனவனே. எருது நொண்டினால் அதற்கு மருந்து அறிந்தவன் உழவனே. எஞ்சின் நின்றாலோ, அதன் உள்ளே நடப்பது கண்ணுக்குப் புலனாவதில்லை. வாடைக் காற்று வீசும் பருவத்தில் முகத்துவாரத்துக்கு வெளியே எஞ்சின் நின்ற வள்ளம், அலையின் போக்கிலே செல்லும் மரக்கட்டையாகிவிடும். பெரும்போகத்து மழைக்கு முன் உழவு இயந்திரம் படுத்துவிட்டால் அவ்வாண்டின் விதைப்பே பிந்தும். ஆகவே எஞ்சினின் நோயை அறிவது இங்கு உயிரோடும் உணவோடும் கூடிய அறிவாயிற்று.

எஞ்சினுக்கு எண்ணெய் உணவு எனின், காற்றே அதன் மூச்சு. ஒரு கிலோகிராம் பெற்றோல் செவ்வையாக எரிவதற்கு ஏறக்குறைய 15 கிலோகிராம் காற்று வேண்டும். இக்காற்றின் கொள்ளளவு 12,000 லீற்றருக்கு மேற்பட்டது. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கின்றது, அழுத்துகின்றது, எரிக்கின்றது, புகையாக வெளிவிடுகின்றது. எனவே அதன் நோய்களிற் பல மூச்சிலேயே வெளிப்படும். கரும்புகை வந்தால் எரிபொருள் மிகுந்தது அல்லது காற்றுக் குறைந்தது என்பது பொருள். நீலப்புகை வந்தால் மசகெண்ணெய் எரிகின்றது. வெண்புகை நீங்காது நின்றால், எரியாத எரிபொருளோ, குளிரூட்டும் நீரோ சிலிண்டருக்குள் கசிந்து ஆவியாகின்றது. புகையைப் போன்றே ஒலியும் பேசும். வால்வுப் பகுதியின் இடைவெளி மிகுந்தால் மேற்புறத்தில் மெல்லிய தட்டொலி கேட்கும். தண்டின் பேரிங் தேய்ந்தால் அடியிலிருந்து கனத்த மோதலொலி எழும். சுமை ஏறும்போது அது மிகும்.

அனுபவம் மிக்க தொழிலாளர் எதனையும் கழற்றுமுன் ஒரு சிறு சோதனை செய்தனர். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது, டீசல் எஞ்சினாயின் ஒரு சிலிண்டருக்குச் செல்லும் எரிபொருட் குழாயின் நட்டைச் சிறிது தளர்த்தினர்; பெற்றோல் எஞ்சினாயின் ஒரு பிளக்கின் கம்பியை விலக்கினர். எஞ்சினின் வேகம் தாழ்ந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக உழைத்துக்கொண்டிருந்தது என அறிந்தனர். வேகம் மாறாதிருந்தால் நோய் அங்கேதான். இவ்வாறு ஒவ்வொன்றாக நிறுத்தியும் மீட்டும் ஒப்புநோக்கினால் சில நிமிடங்களில் பழுதின் இருப்பிடம் தெரிந்துவிடும். நோயையும் அதன் காரணத்தையும் கண்டபின்பே மருந்தை நாட வேண்டும் என்று மருத்துவனுக்கு வள்ளுவர் விதித்த ஒழுங்கு இரும்புக்கும் பொருந்தியது.

இந்த மூச்சை இயல்பான அளவினும் மிகுத்துக் கொடுத்தால் எஞ்சினின் வலு மிகும் அல்லவா? அவ்வெண்ணத்திற் பிறந்ததே டர்போ எனப்படும் காற்றூட்டி. சுவிற்சர்லாந்தின் அல்பிரட் பியூக்கி என்னும் பொறியியலாளர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகின்றது; அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகின்றது. கொல்லன் உலையில் துருத்தியை ஊத ஓர் ஆள் வேண்டும். இங்கோ உலையின் புகையே துருத்தியை ஊதுகின்றது. 1920களில் செருமனியின் இரு பயணிகள் கப்பல்களில் இதனைப் பொருத்தியபோது, ஒவ்வொரு எஞ்சினின் வலுவும் 1,750இலிருந்து 2,500 குதிரைவலுவாக உயர்ந்தது. அதற்கு முன்னரே, 1918இல், அமெரிக்காவின் சான்போர்ட் மொஸ் என்பார் காற்றடர்த்தி குறைந்த 14,000 அடி உயர மலையுச்சிக்கு விமான எஞ்சின் ஒன்றைக் கொண்டுசென்று, டர்போவின் துணையால் அது கடல்மட்டத்து வலுவை இழக்காது ஓடுவதைக் காட்டியிருந்தார்.

கிழக்கிலங்கையின் வானத்திலும் இவ்வகை எஞ்சின்கள் முழங்கிய நாள் ஒன்றுண்டு. 1944ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதம் 10ஆம் திகதி, மட்டக்களப்புக்கு வடக்கேயுள்ள திருகோணமலைச் சீனக்குடா விமானத்தளத்திலிருந்து, 50க்கு மேற்பட்ட பி-29 குண்டுவீச்சு விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை நோக்கிப் புறப்பட்டன. போகவும் மீளவும் 6,000 கிலோமீற்றருக்கு மேல். ஒவ்வொரு விமானத்திலும் நான்கு எஞ்சின்கள். ஒவ்வோர் எஞ்சினுக்கும் பதினெட்டுச் சிலிண்டர்களும் இரண்டு டர்போக்களும் இருந்தன. அவ்வெஞ்சின்கள் வலுவிற் பெரியவை. ஆயின் வெப்பத்தை அடக்க இயலாது தீப்பற்றுவதிலும் பெயர் பெற்றவை. ஆதலால் அவ்விமானத்தில் எஞ்சின்களைக் கண்காணிப்பதற்கென்றே தனிப் பொறியியலாளர் ஒருவர் அமர்ந்திருந்தார். பேரிரைச்சலுக்கு நடுவே அவரால் காதை நம்ப முடியாது. சிலிண்டரின் வெப்பம், எண்ணெயின் அழுத்தம், உட்செல்லும் காற்றின் அழுத்தம் ஆகியவற்றைக் காட்டும் முட்களே அவருக்குச் செவியும் கண்ணுமாயின.

போர் முடிந்தபின் டர்போ பந்தயக் களத்தை அடைந்தது. 1952இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்திற்கு கம்மின்ஸ் நிறுவனம் டர்போ பொருத்திய டீசல் வண்டி ஒன்றை அனுப்பியது. அதனை ஓட்டியவர் பிரெட் அகபாஷியன். தகுதிகாண் ஓட்டத்தில் மணிக்கு 138 மைல் வேகம் காட்டி, முதல் வரிசையில் முதலிடம் பெற்றது. ஆனால் பந்தயத்தின் 71ஆம் சுற்றில் அது விலக நேர்ந்தது. எஞ்சினின் பிஸ்டனோ வால்வோ உடைந்துவிடவில்லை. காற்று புகும் வாய் வண்டியின் முன்புறத்தில் தாழ்வாக இருந்தது. முன்னே ஓடிய வண்டிகளின் சக்கரங்களிலிருந்து உதிர்ந்த இறப்பர்த் துகள்கள் அதனை அடைத்துவிட்டன. மூச்சு முட்டியதனால் வல்லவன் வீழ்ந்தான்.

இதன் பொருளை விளங்கிக்கொள்ளப் படுவான்கரை உழவனுக்குப் பந்தயக் களம் வேண்டியதில்லை. அறுவடைக் காலத்தில் பதரும் வைக்கோற் தூசும் பறக்கும் வயலில் இயந்திரம் திடீரென வலுவிழந்து கரும்புகை கக்கும்போது, அநுபவசாலி முதலில் திறந்து பார்ப்பது காற்று வடிகட்டியைத்தான். அனுபவமில்லாதவனோ எரிபொருட் பம்பைக் கழற்றி, நல்ல நிலையில் இருந்ததையும் கெடுத்துவிடுவான். மறுகண்டத்து மாபெரும் பந்தயத்தை நிறுத்திய நோயும் வயலோரத்து இயந்திரத்தை நிறுத்தும் நோயும் ஒன்றே.

பின்னாளில் டர்போவை உலகப் பெரும்பரிசுப் பந்தயங்களுக்குக் கொணர்ந்தது பிரான்சின் ரெனோல்ட் நிறுவனம். அப்பந்தயங்களின் அந்நாளைய விதிப்படி, இயல்பாக மூச்சிழுக்கும் எஞ்சின் 3 லீற்றர் வரையும், காற்றூட்டப்படும் எஞ்சின் 1.5 லீற்றர் வரையும் இருக்கலாம். பாதியளவு எஞ்சினைக் கொண்டு முழு எஞ்சினை வெல்வதென்பது ஏனையோருக்கு நகைப்புக்குரியதாகத் தோன்றிற்று. 1977ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் களத்தில் அந்த மஞ்சள் வண்டி முதன்முறை ஓடியபோது இடைநடுவிலே பழுதுற்றது. தொடர்ந்தும் பலமுறை புகை கக்கி நின்றமையால் மஞ்சள் தேநீர்க் கேத்தில் என்ற பட்டப்பெயரும் அதற்குக் கிடைத்தது.

டர்போ எஞ்சினின் குணம் அதன் பழுதுகளிலேதான் வெளிப்பட்டது. முதலாவது, அது தாமதித்துப் பதிலளிக்கும். ஓட்டுநர் மிதியை அழுத்தியவுடன் வலு வருவதில்லை. புகை பெருகிச் சக்கரம் வேகம் பிடித்த பின்னரே, மடை திறந்த வெள்ளம்போல் ஒருங்கே பாயும். ஆதலால் வளைவின் முடிவில் வேண்டிய வலுவுக்கு வளைவின் நடுவிலேயே மிதியை அழுத்த ஓட்டுநர் பழகவேண்டியிருந்தது. இரண்டாவது, அது வெப்பத்தின் பிள்ளை. புகைச்சக்கரத்தின் வெப்பநிலை 1,000 பாகை செல்சியசை அண்மிக்கும். சுழற்சி நிமிடத்துக்கு ஓரிலட்சத்தையும் தாண்டும். மூன்றாவது, அதன் உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை. புகை குறைந்தால் காற்றுக் குறையும். காற்றுக் குறைந்தால் எரிதல் குன்றும். எரிதல் குன்றினால் புகை மேலும் குறையும். ஓரிடத்து நோய் வேறோரிடத்திலே வலியாகத் தோன்றும்.

ரெனோல்ட் பொறியியலாளர் இதனைப் பொறுமையாகப் பயின்றனர். பெரிய டர்போ ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய டர்போக்கள் இரண்டை 1979இல் பொருத்தினர். சிறிய சக்கரம் விரைவில் வேகம் பிடிக்குமாதலின் தாமதம் குறைந்தது. அவ்வாண்டு ஜூலை 1ஆம் திகதி, டிஜோன் நகரில் நடைபெற்ற பிரெஞ்சுப் பெரும்பரிசுப் பந்தயத்தில் ஜீன் பியர் ஜபூய் அவ்வண்டியில் வெற்றி பெற்றார். நகைத்தவர்கள் தாமும் டர்போவைத் தேடினர். 1983இல் நெல்சன் பிக்கே டர்போ எஞ்சினைக் கொண்டு உலகப் பட்டம் வென்ற முதல்வரானார்.

வலு பெருகப் பெருக மற்றொரு பகை தலைதூக்கியது. அழுத்தமும் வெப்பமும் எல்லை மீறினால், எரிபொருள் ஒழுங்காகப் படர்ந்து எரியாமல், எஞ்சிய பகுதி தானே வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். அதன் அடையாளம் உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி. இவ்வொலி வடஇலங்கையில் நன்கு அறியப்பட்டதொன்று. 1990களில் போர்க்காலத் தடையினாற் பெற்றோல் அரிதானபோது, அங்குள்ளோர் சிறிதளவு பெற்றோலாற் கிளப்பி, மண்ணெண்ணெயிலே மோட்டார் வண்டிகளை ஓட்டினர். மண்ணெண்ணெய் இவ்வெடிப்பைத் தாங்காது. ஏற்றத்தில் எஞ்சின் தட்டத் தொடங்கும். காதால் அதனையறிந்து மிதியைத் தளர்த்தியவரின் எஞ்சின் பிழைத்தது. பந்தயக்காரர் அதே பகையை வேறு வழியால் எதிர்த்தனர். 1988இல் ஹொண்டா எஞ்சினுக்குக் கொடுக்கப்பட்ட எரிபொருளில் 84 விழுக்காடு டொலுயீன் என்னும் திரவமாகும். அது வெடிப்பை நன்கு தாங்கவல்லது. உட்செல்லும் காற்றைக் குளிர்வித்தும் வெடிப்பை அடக்கினர். வறுமையிலும் வளத்திலும் எஞ்சின் கேட்டது ஒன்றே: எரிதல் அடங்கி நடக்கவேண்டும் என்பது.

1980களின் நடுவில், தகுதிகாண் ஓட்டத்துக்கென அமைந்த 1.5 லீற்றர் எஞ்சின்கள் ஆயிரம் குதிரைவலுவையும் கடந்தன எனக் கணிக்கப்பட்டது. அவை சில சுற்றுகளுக்கு மேல் நிலைத்தில. பந்தய ஆட்சியாளர் 1987இலும் 1988இலும் காற்றழுத்தத்துக்கு வரம்பு விதித்து, 1989இல் டர்போவை முற்றாக விலக்கினர். 2014இல் அது மீண்டும் வந்தபோது, தாமதத்தைப் போக்க அதன் அச்சிலேயே மின்மோட்டாரும் இணைக்கப்பட்டிருந்தது. ஓடும் வண்டியின் வெப்பமும் அழுத்தமும் கம்பியில்லா வழியாக உடனுக்குடன் பொறியியலாளரின் முன் எண்களாக வந்தன. பி-29 விமானத்தில் ஒருவர் கண்ட முட்களின் வேலையைக் கணினிகள் ஏற்றன.

பொது வீதிக்கும் அக்கணினி வந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய மோட்டார் கார்கள் தம் பழுதைக் குறியீட்டு எண்ணாக வெளியிடும் பொது முறையைக் கொண்டிருத்தல் கட்டாயமாயிற்று. அம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது. கையடக்கக் கருவியைப் பொருத்தினால் எண் தெரியும். ஆயினும் எண் சொல்வது நோயின் குறியை மட்டுமே. காற்று மிகையாக உள்ளது என்று எண் கூறலாம். அதற்குக் காரணம் வெடித்த இறப்பர்க் குழாயா, தளர்ந்த பிணைப்பா, கெட்ட உணர்கருவியா என்பதை எண் கூறாது. குழாயின் வெடிப்பிலே காற்று சீறும் மெல்லொலியைக் கண்டறிவது இன்றும் செவியே.

டர்போவும் இன்று வாவிப் பகுதிக்குப் புதிதன்று. 1975இல் இலங்கைப் புகையிரதச் சேவையிற் சேர்ந்த கனடிய எம்-4 வகை எஞ்சின்கள் டர்போ பொருத்தியவை. 1,750 குதிரைவலு உடையவை. லொறிகளிலும் வான்களிலும் அறுவடை இயந்திரங்களிலும் டர்போ இயல்பாகிவிட்டது. பந்தயக் களம் பெருஞ்செலவிற் கற்ற பாடங்கள் இங்கு சிறு செலவிற் பயன்படத்தக்கவை. அதிக சுமையோடு ஓடிவந்த எஞ்சினை உடனே நிறுத்தலாகாது. சிறிது நேரம் மெதுவாக ஓடவிட வேண்டும். இல்லையேல் சூடேறிய பேரிங்கில் தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகும். டர்போ உடைந்தால் புதியதை வாங்கிப் பொருத்துவதற்கு முன், பழையது ஏன் உடைந்தது எனக் காண வேண்டும். எண்ணெய் செல்லும் சிறு குழாய் அடைபட்டிருப்பதை அறியாது புதிய டர்போவைப் பொருத்தினால், அதுவும் விரைவில் அழியும். பல மாத உழைப்பைக் கொட்டி அதனை வாங்கிய லொறிக்காரரின் பணமும் அதனோடு அழியும்.

ஆகவே, எஞ்சின்களின் வரலாறு வலு பெருகிய வரலாறு மட்டுமன்று. அவற்றின் குறையைக் கேட்டறியக் கற்ற மனிதரின் வரலாறுமாகும். திருப்புளி முனையிலிருந்து கணினித் திரை வரை கருவிகள் மாறின. எளியதை முதலிற் பார்த்தல், ஒப்புநோக்கல், காரணம் கண்டபின் கைவைத்தல் என்னும் ஒழுங்கு மாறவில்லை. 1848இல் அசைவற்ற நீரின் நடுவே, தோணி மரத்திற் காதை வைத்தவர் தம் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளப் புறப்பட்ட இடத்துக்கே மீண்டு சென்றார். கடலுக்குப் போகுமுன் விடியலில் தன் எஞ்சினைக் கிளப்பி, சில கணம் அசையாது நின்று கேட்கும் மீனவனும் அதனையே செய்கின்றான். நேற்றைய ஒலியே இன்றும் கேட்டால் அவன் கயிற்றை அவிழ்ப்பான். கேளாவிடின் கரையிலேயே நின்று காரணத்தைத் தேடுவான். வீட்டார் அவனுக்காகக் கடலைப் பார்த்திருக்க நேராது.